பின்சீட்டுக்காரன்

தம்பி, மொதல்ல கைய விடுங்க. நல்ல எண்ணத்துலதான் பிடிச்சீங்க, தெரியுது. ஆனா கண்ணு தெரியாதவன் கையப் பிடிச்சு நீங்க இழுத்தா, ஆட்டைச் சந்தைக்கு இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கும். நான்தான் உங்க தோளைத் தொட்டுக்கிட்டு வரணும். அதுதான் முறை. பரவால்ல, ஏறியாச்சு, உக்காந்தாச்சு. நீங்களும் மதுரைக்கா? நல்லது. இந்த பஸ் மாட்டுத்தாவணி போய்ச் சேர மூணரை மணி நேரம் ஆகும். பேச்சுத் துணைக்கு ஆளாச்சு.

என் பனியனத்தான பாக்கீங்க? சத்தத்தையே காணும், அதான் கேட்டேன். கன்னியாகுமரி டு சென்னை, சைக்கிள் பயணம்னு எழுதிருக்கும். ஆமா, நான்தான் போனேன். எழுநூத்திச் சொச்சம் கிலோமீட்டர், ஆறு நாளு. யாரோ குடுத்த பனியன் இல்ல, என் காலால மிதிச்சு வாங்கினது. கண்ணு தெரியாதவன் எப்படி சைக்கிள் ஓட்டுவான்னு உங்களுக்குக் கேக்கணும், ஆனா கேக்க ஒரு மாதிரியா இருக்கு. கேளுங்க தம்பி, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் ஒண்ணு இருக்குல்லா? முன்ன ஒரு சீட்டு, பின்ன ஒரு சீட்டு. ஹேண்டில்பார், பிரேக்கு எல்லாம் முன்னால இருக்கவர் கையில. அவரைப் பைலட்டுன்னு சொல்லுதாங்க. பின்சீட்டுக்காரனுக்கு மிதிக்கதுதான் வேலை. நான் பின்சீட்டு.

எம் பேரு தேவசகாயம். பேர்லயே சகாயம் இருக்கு, அதனாலயோ என்னவோ எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. தெக்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டரா இருக்கேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், இன்னும் ரெண்டு வருஷம் அங்கதான் சம்பளம் வாங்கணும்.

அங்க கேன்சர் வார்டு உண்டு. சீக்காளிக்குக் கட்டில் இருக்கு. கூட வந்தவங்களுக்கு? வராந்தாதான். பாயும், போர்வையும், தூக்குவாளியுமா மாசக்கணக்குல கெடப்பாங்க. காலையில ஆறு மணி டூட்டிக்கு நான் அந்த வராந்தா வழியாத்தான் போகணும். எங் கம்பு தினமும் யாரு காலையாவது இடிக்கும். "மன்னிச்சுக்கிடுங்க"ம்பேன் நான். தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சு, "மன்னிச்சுக்கிடுங்க சார்"னு அவங்க சொல்லுவாங்க. இடிச்சவன் நான், மன்னிப்புக் கேக்கது அவங்க. இருபத்தாறு வருஷமா இதேதான்.

பல் டாக்டர் கோமதிநாயகம்னு ஒருத்தர், சைக்கிள் கிளப்புக்குச் செயலாளர். வருஷா வருஷம் ஒரு நல்ல காரியத்துக்குத் துட்டு பிரிச்சு சைக்கிள்ல நெடுந்தூரம் போவாங்க. மதுரையில ஒரு டிரஸ்ட் இருக்கு, அவங்க அந்த வருஷம் எங்க ஆஸ்பத்திரி பக்கத்துல சீக்காளிகளுக்குத் துணைக்கு வந்தவங்க தங்கக் கட்டடம் கட்ட முன்வந்துருக்காங்க. கிளப்பு துட்டு சேத்துக் குடுக்கணும். அது விஷயமா டாக்டர் எங்க ஆபீஸுக்கு போன் பண்ணாரு. எக்ஸ்சேஞ்ச்ல நான்தான எடுப்பேன்? விஷயத்தக் கேட்டுட்டு, "டாக்டர், என்னால முடிஞ்சத நானும் தாரேன், ஆனா நானும் கூட வந்து ஓட்டுவேன்"னேன். லைன் கட்டாயிட்டோன்னு பாத்தேன். அப்புறம், "தாராளமா சார், நீங்க வேன்ல உக்காந்து வாங்க"ன்னாரு. "வேன்ல வர நான் என்ன தண்ணி கேனா?"ன்னு கேட்டேன். அவருக்கு ரெண்டு பேர் சைக்கிள் ஞாபகம் வந்துட்டு. பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட இருந்து பழசு ஒண்ணை வாங்கிப் போட்டிருந்தாங்க. தூசி தட்டி எடுத்தாங்க.

ஓட்டப் போறவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா ரசீது புக்கு வச்சுத் துட்டு பிரிக்கணும். நானும் எம் பொண்டாட்டி லில்லியும் ஒரு சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனோம். ஒரு ஜவுளிக்கடை. அவ வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு நிக்கா, நான் உள்ள காலை வச்சுட்டேன். வாயத் தொறக்கல தம்பி, கல்லாவுல இருந்த ஆளு என் உள்ளங்கையில ரெண்டு ரூவாத் துட்டை வச்சு, விரலையும் மடக்கிவிட்டு, "போய்ட்டு வாங்க சாமி"ன்னுட்டாரு.

வேற ஒருத்தனா இருந்தா துட்டை விட்டெறிஞ்சுட்டு வந்துருப்பான். நான் நின்னேன். "லில்லி, ரசீது போடு. ரெண்டு ரூவா"ன்னேன். "அண்ணாச்சி, பேரு சொல்லுங்க. கடை விலாசம் சொல்லுங்க. உங்க பேரு டிரஸ்டு புத்தகத்துல ஏறும், ரெண்டு ரூவாவுக்கு நேரா." அவரு குரலு எறங்கிட்டு. கடையில ஜவுளி எடுக்க வந்த ஜனம் பூரா பாக்கு. "என்ன விஷயம் சார்"னு அப்பதான் கேட்டாரு. சொன்னேன். ஆயிரத்து ஒண்ணு எழுதினாரு. எழுதட்டும். நான் கேக்கத்தான் போனேன், இல்லங்கல. ஆனா எனக்காகக் கேக்கல. இந்த வித்தியாசம் ஏன் ஒருத்தனுக்கும் மண்டையில ஏற மாட்டேங்கு?

அதோட கடை கடையா ஏறுறத விட்டுட்டேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எக்ஸ்சேஞ்ச்லயே உக்காந்து போன் போட்டேன். மருந்துக் கம்பெனிக்காரன், லேபுக்காரன், பழைய டாக்டருங்க. போன்ல நான் கண்ணு தெரியாதவன் இல்ல, வெறும் கொரலுதான. ஒரு பய ரெண்டு ரூவா தரல. கிளப்புலயே அதிகமாப் பிரிச்சவன் நான்தான்.

அப்புறம் பேனர் வச்சாங்க. "இருளில் இருந்து ஒளிக்கு"ன்னு போட்டு என் படத்தப் பெருசா வச்சுருக்கு. லில்லி படிச்சுச் சொன்னா. நேரா டாக்டர் கிளினிக்குக்குப் போனேன். யாரு வாயிலயோ மிஷினை வச்சுக்கிட்டு இருந்தாரு. "டாக்டர், இந்தக் கட்டடம் கண்ணு தெரியாதவங்களுக்கா கட்டுதீங்க?" "இல்ல சார்." "அப்பம் எம் மூஞ்சி எதுக்கு? வராந்தாவுல தூங்குதவன் மூஞ்சியப் போடுங்க. இல்லன்னா நான் வரல." மறுநாளே மாத்திட்டாங்க. நான் வரலன்னா பிரிச்ச துட்டு என்னாகும்னு பயம் வந்திருக்கும்.

இனி பைலட்டு கதைக்கு வாரேன். மொதல்ல ஒரு பேங்க் ஆபீசர். நல்ல மனுசன். ஆனா வாயி மூடாது. "சார், இடது பக்கம் வயல், பச்சைப்பசேல்னு இருக்கு, கொக்கு நிக்கி"ம்பாரு. வே, குழியச் சொல்லும், கொக்க எதுக்குச் சொல்லுதீரு? நாலே நாள். அப்புறம் ஜிம்மு வச்சிருக்க ஒருத்தர். பெடலுக்கு ஒரு தடவை "பயப்படாதீங்க, பயப்படாதீங்க". நான் பயப்படவே இல்ல, அவருதான் இறக்கத்துல பிரேக்கப் பிடிச்சிக்கிட்டே வந்தாரு. அவரையும் வேண்டாம்னுட்டேன்.

கிளப்பு வேனை ஓட்டுறதுக்குன்னு ஒருத்தர் வந்திருந்தாரு. தண்ணி, பழம், பஞ்சர் சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டு சைக்கிளுக்குப் பின்னால வரும்லா, அந்த வேன். பலவேசம்னு பேரு. அம்பத்தி நாலு வயசு. முப்பது வருஷம் லாரி ஓட்டினவரு. வடக்க காஷ்மீரு வரைக்கும் போயிருக்காரு. இந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தாராம். ஏன்னு நான் கேக்கல. வீட்டுல சும்மா இருக்க முடியாம வந்திருப்பாருன்னு நினைச்சேன். டாக்டர்தான் சொன்னாரு, "பலவேசம், நீ ஏறிப் பாரு"ன்னு.

"சைக்கிள் ஓட்டுவீரா?"ன்னு கேட்டேன்.

"ஓட்டுவேன்."

"பொறத்தால ஆள் இருந்தா பேலன்ஸ் மாறும், தெரியும்லா?"

"இருபது டன் ஏத்தி ஓட்டிருக்கேன்."

"நான் டன் இல்லவே. நான்தான் இஞ்சின். நீரு வெறும் ஸ்டியரிங்."

"செரி"ன்னாரு. அம்புட்டுதான். வேனுக்கு வேற டிரைவர் பாத்துக்கிட்டாங்க.

மூணு மாசம் தம்பி. வாரத்துக்கு நாலு நாளு, காலையில அஞ்சு மணிக்கு நாலுவழிச் சாலையில ஏறினா எட்டு மணிக்குத் திரும்புவோம். அந்த நாளுகளுக்கு டூட்டிய ஒம்பது மணிக்கு மாத்தி வாங்கிக்கிட்டேன். அந்த மனுசன் வாயில இருந்து மூணே வார்த்தைதான் வரும். "குழி." "மேடு." "வளைவு." குழின்னா நான் சீட்டுல இருந்து லேசா எந்திரிச்சிக்கிடுவேன். மேடுன்னா மிதியக் கூட்டுவேன். ரெண்டாவது வாரம் ஒரு நாய் குறுக்க வந்து ரெண்டு பேரும் விழுந்தோம். வேற யாரா இருந்தாலும் ஐயோ சார், ஐயோ சார்னு என்னத் தூக்கி, தடவி, தண்ணியத் தெளிச்சு நாடகமே நடத்திருப்பாங்க. இவரு தூக்கவே இல்ல. "எந்திரிச்சாச்சா?"ன்னாரு. "ஆச்சு"ன்னேன். "ஏறும்"னாரு. அன்னைக்குத்தான் எனக்கு அவரைப் பிடிச்சுது.

சாயங்காலம் லில்லி கேப்பா, "அந்த அண்ணாச்சிக்குப் பிள்ளைங்க எத்தன?" தெரியாதும்பேன். "பொண்டாட்டி?" தெரியாது. "மூணு மணி நேரம் ஒட்டிக்கிட்டுப் போறீங்க, என்னதான் பேசுவீங்க?" நான்தான் பேசுவேன்னு சொன்னேன். அது உண்மை. வாய் ஓயாமப் பேசுவேன். எங்க ஆஸ்பத்திரிக் கதை, என்ன யாரு எப்படி மட்டமா நினைச்சான், நான் எப்படித் திருப்பிக் குடுத்தேன்னு ஒண்ணு விடாமச் சொல்லுவேன். அவரு கேட்டுக்கிட்டே ஓட்டுவாரு.

கன்னியாகுமரியில பதினாறு பேரு கிளம்பினோம். மொத நாள் கோவில்பட்டி, ரெண்டாம் நாள் மேலூர், மூணாம் நாள் திருச்சி தாண்டித் தங்கல். முட்டி வலிச்சுது, ஒக்கார முடியாம சீட்டுப் பக்கம் புண்ணு. சொல்லக்கூடாதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டேன். நாலாம் நாள் காலையில பாடாலூர்ப் பக்கம் போறோம். நல்ல காத்து, வண்டி பறக்கு. சந்தோசத்துல எனக்கு வாய் நிக்கல. எக்ஸ்சேஞ்ச் கதை ஒண்ணை எடுத்து விட்டேன்.

"வே பலவேசம், உமக்கொரு தொழில் ரகசியம் சொல்லுதேன். ஒரு நாளைக்கு நானூறு கால் வருது. ரெண்டு லைனு, நான் ஒருத்தன். வார்டுக்குக் குடுங்க, வார்டுக்குக் குடுங்கன்னு ஒரே தொல்லை. வார்டு போனு நர்ஸம்மா ரூம்ல கெடக்கு, அவங்க ரவுண்ட்ஸ் போயிருந்தா யாரு எடுப்பா? சில பயலுவ விடாம அடிப்பான், பத்து தடவை, பதினஞ்சு தடவை. நான் என்ன செய்வேன்னு நினைக்கீரு? வார்டுக்குப் போடவே மாட்டேன். சும்மா நாலு மூச்சு விட்டுட்டு, 'எடுக்கல'ன்னுருவேன். அவனுக்கு என்ன தெரியவா போவுது?"

சொல்லிட்டுச் சிரிச்சேன்.

வண்டி வேகம் கொறஞ்சுது. மேடு வருதாக்கும்னு நான் மிதியக் கூட்டுனேன். மேடு இல்ல. அவரு மிதிக்கத நிறுத்திட்டாரு.

"எல்லாருக்கும் அப்படித்தானா?"ன்னு கேட்டாரு.

"பத்து தடவைக்கு மேல அடிக்கவனுக்கு."

பைய ஓரங்கட்டி நிறுத்தினாரு. எறங்கும்னாரு. எறங்கினேன். ஹேண்டில்பாரை என் கையில குடுத்தாரு. அதுக்கப்புறம் அவரு பேசினாரு பாருங்க, அந்த மூணு மாசத்துலயும் அம்புட்டுப் பேசினதில்ல.

"எட்டு வருசத்துக்கு முந்தி, ஆடி மாசம். எம் பொண்டாட்டி உங்க ஆஸ்பத்திரியிலதான் கெடந்தா. நான் லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர்ல நிக்கேன். எறக்கினாத்தான் துட்டு, அந்தத் துட்டு வந்தாத்தான் அவளுக்கு மருந்து. எங் கொழுந்தியா துணைக்கு இருந்தா, அவ போனு ரெண்டு நாளா அணைஞ்சு கெடந்துது. வராந்தாவுல எங்க சார்ஜ் போட? அதனால உங்க எக்ஸ்சேஞ்சுக்கு அடிச்சேன். காலையில இருந்து சாயங்காலம் வரை பத்தொம்பது தடவை. எடுக்கல, எடுக்கல, எடுக்கல. கடைசியில, 'யோவ், இது ஒங்க வீட்டுப் போனா? இனிமே கூப்பிடாதே'ன்னு வச்சீரு. கிளப்புல உம்ம கொரலைக் கேட்ட அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுட்டு. அன்னைக்கு ராத்திரி அவ செத்துப்போனா. எனக்கு மறுநாள்தான் தகவல் வந்துது."

ஒரு லாரி கடந்து போகட்டும்னு நின்னுட்டு, மேல சொன்னாரு.

"உம்ம மேல கோவம் இருந்துது. அப்புறம் பாத்தேன், இந்த மனுசன் வராந்தாவுல கெடக்கவனுக்குத்தான் இந்தப் பாடு படுதாரு, அவரு வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு, நெசமாவே வார்டுல எடுத்திருக்க மாட்டாங்கன்னு என் மனசுக்குச் சொல்லிக்கிட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லும். அன்னைக்கு வார்டுல மணி அடிச்சுதா?"

"அடிச்சிருப்பேன்"னேன் நான்.

"இப்பத்தானவே சொன்னீரு, போடவே மாட்டேன்னு."

செருப்புச் சத்தம் ரோட்டை விட்டு எறங்கிச் சரளையில போச்சு. அப்புறம் அதுவும் கேக்கல.

எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. சத்தியமா இல்ல. ஒருக்கா ஒரு கொரலைக் கேட்டா மறக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான். மூணு மாசம் அந்தக் கொரலு எம் மூஞ்சிக்கு முன்னாலயே வந்துருக்கு, எனக்குத் தெரியல. ஆனா நீங்களே சொல்லுங்க, நானூறு காலு. நானா அவளைக் கொன்னேன்? நான் வார்டுக்குப் போட்டிருந்தா மட்டும் அவ பொழைச்சிருப்பாளா? பொழைச்சிருக்க மாட்டா. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு வார்த்தை பேசிருப்பாரு. அம்புட்டுதான். நீங்க என்ன நினைக்கீங்கன்னு எனக்குத் தெரியல. நினைங்க.

வண்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். லாரியும் பஸ்ஸும் போற காத்து ஆளையே தள்ளுது. ஒரு அடி அந்தப் பக்கம் வச்சா ரோடு, இந்தப் பக்கம் வச்சா பள்ளமா என்னன்னு தெரியாது. பலவேசம்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். குடுக்கல. வெயில் நெத்தியில இருந்து உச்சிக்கு ஏறுது. வேன் வந்து நின்னுது. கோமதிநாயகம் டாக்டர் எறங்கினாரு.

"சார், என்னாச்சு? பலவேசம் எங்க?"

"ஒண்ணுக்குப் போயிருக்காரு."

"முக்கால் மணி நேரமா இங்கயே நிக்கீங்கன்னு பின்னால வந்த பையன் சொல்லுதான்."

"அவருக்குச் சுகர்."

"நீங்க வேன்ல ஏறுங்க சார். சைக்கிளை மேல கட்டிக்கிடலாம். நாலு நாள் ஓட்டுனதே பெரிய விஷயம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எம் பைலட் வருவாரு"ன்னேன்.

"வரலைன்னா?"

"வந்தப்புறம் பேசுவோம். நீங்க போங்க டாக்டர்."

அவரு என் முழங்கையத் தொட்டாரு. தட்டிவிட்டேன். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிக்கோம்னு சொல்லிட்டுப் போனாங்க. அவரு வருவாருன்னு எனக்கு என்ன நிச்சயம்? ஒண்ணும் கிடையாது. ஆனா வேன்ல ஏறக்கூடாது. ஏறினா அந்த மனுசன் திரும்பி வரும்போது ரோட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. அதை மட்டும் ரெண்டாவது தடவை நான் செய்யக்கூடாதுன்னு இருந்துது.

எம்புட்டு நேரம்னு தெரியாது. பீடி வாசம் வந்துது. பக்கத்துல வந்து நின்னாரு.

"அவ பேரு முத்துக்கனி"ன்னாரு. "மூணு மாசமா எம் பொறத்தால உக்காந்து வாரீரு. ஒரு நாளு, பலவேசம், உமக்குக் குடும்பம் உண்டான்னு கேட்டீரா?"

"கேக்கல."

"ஏறும்."

"ஏன்வே திரும்பி வந்தீரு?"

"லோடை நடுவழியில விட்டுட்டுப் போற பழக்கம் எனக்குக் கெடையாது."

நான் லோடு இல்ல, இஞ்சின்னு அன்னைக்கு நான் சொல்லல. ஏறி மிதிச்சேன். அன்னைக்கு உளுந்தூர்ப்பேட்டையில போய்த் தங்கினோம்.

அஞ்சாம் நாள் காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்ன, அவரு முதுகைப் பாத்து நான் சொன்னேன். "பலவேசம், அன்னைக்கு அடிச்சேனா இல்லியான்னு எனக்கு ஞாபகம் இல்ல. மொத நாலஞ்சு தடவை போட்டிருப்பேன். அதுக்கப்புறம் போட்டிருக்க மாட்டேன்."

அவரு மிதிய நிறுத்தல.

"குழி"ன்னாரு.

எந்திரிச்சேன். வண்டி குலுங்கல. அந்த எடத்துல குழியே இல்ல தம்பி.

சென்னையில ஒரு காலேஜ் மைதானத்துல முடிச்சோம். மேளம், மாலை எல்லாம் உண்டு. பதினாறு பேருக்கும் மெடல் போட்டாங்க, என்ன மட்டும் தனியா மேடையில ஏத்துனாங்க. ஒரு பெரிய மனுசர், இவரைப் பாத்து நாமெல்லாம் கத்துக்கணும்னு பேசிட்டு எனக்குச் சால்வை போத்தி, வெள்ளைக் கம்பு ஒண்ணைப் பரிசாக் குடுத்தாரு. துட்டு பிரிச்சுக் குடுத்தவன் நான், எனக்கே தானம்! மைக்கை வாங்கினேன். "எனக்குக் கம்பு இருக்கு. இதை வித்து, கட்டப்போற கட்டடத்துல போன் சார்ஜ் போட ப்ளக் பாயிண்ட் சேத்து வைங்க. ஒவ்வொரு பாய்க்குப் பக்கத்துலயும் ஒண்ணு வேணும்"னேன். தமாஷ்னு நினைச்சுக் கை தட்டுனாங்க. தட்டுனா தட்டட்டும். ப்ளக் பாயிண்ட் வச்சிருக்காங்களான்னு கட்டடத்துக்கே போய்ச் சுவரைத் தடவிப் பாத்துட்டேன். வச்சிருக்காங்க. முப்பத்தி ரெண்டு.

எக்ஸ்சேஞ்ச்ல இப்பம் யாரு எத்தன தடவை அடிச்சாலும் வார்டுக்குப் போடுதேன். எடுக்கலன்னா, பேரையும் கட்டில் நம்பரையும் கேட்டு வச்சுக்கிட்டு ஆளை அனுப்புதேன். கூட வேலை பாக்கவங்க, "தேவசகாயம் சாருக்குக் கோட்டி பிடிச்சிட்டு"ங்காங்க. சொல்லட்டும். மன்னிப்பு மட்டும் நான் பலவேசத்துக்கிட்ட கேக்கல. கேட்டா, பரவால்லன்னு சொல்லிருவாரு. அப்புறம் எனக்கு நிம்மதியாயிரும். அவருக்கு என்ன ஆகும்? அதனால கேக்கல. லில்லிக்கு இது புரியல. உங்களுக்கும் புரியலன்னா விடுங்க.

இப்பம் எதுக்கு மதுரை போறேன்னு சொல்லுதேன். அடுத்த மாசம் கட்டடம் தெறப்பு விழா. வாசல்ல கல்வெட்டு வைக்காங்க. பெரிய துட்டு குடுத்தவங்க பேரு பத்தொம்பது. அதுக்குக் கீழ, "மாற்றுத்திறனாளி சாதனையாளர் தேவசகாயம்"னு எம் பேரு. டிரஸ்டுக்குப் போன் பண்ணி எம் பேரை எடுங்க, அந்த எடத்துல முத்துக்கனின்னு போடுங்கன்னேன். "யாரு சார் முத்துக்கனி? எவ்வளவு குடுத்தாங்க?"ன்னு கேக்கான் ஒருத்தன். அவ எவ்வளவு குடுத்தாளாம்! போனை வச்சுட்டேன். இன்னைக்கு சாயங்காலம் அவங்க கமிட்டிக் கூட்டம். யாரும் என்னக் கூப்பிடல. போறேன்.

பலவேசத்துக்கிட்ட சொன்னப்ப, வேண்டாம்னுட்டாரு. "செத்தவ பேரைக் கல்லுல வச்சு என்ன ஆகப்போவுது? வெயில்லயும் மழையிலயும் கெடக்கும். விட்ரும்வே"ன்னாரு. "உமக்கு வேண்டாம்னா இரும். எனக்கு வேணும்"னேன். "அவ எம் பொண்டாட்டி"ன்னாரு. "ஆமா. இல்லங்கல. ஆனா வேணும்"னேன். லில்லி என்னைத் திட்டுனா. "உங்களைக் கேக்காம உங்களுக்கு நல்லது செய்ய வாறவனை எல்லாம் கரிச்சுக் கொட்டுவீங்கள்லா, நீங்க இப்பம் என்ன செய்யிதீங்க?"ன்னு கேட்டா. அதுவும் இதுவும் ஒண்ணான்னு கேட்டேன். ஒண்ணு இல்லதான? நீங்க சொல்லுங்க. செரி, சொல்ல வேண்டாம்.

ஞாயித்துக்கிழமைதோறும் நானும் பலவேசமும் இப்பமும் ஓட்டுதோம். போன ஞாயித்துக்கிழமை, நாங்குநேரி தாண்டி போறப்ப சொன்னேன், "வாற வாரம் மதுரைக்குப் போறேன், அந்தக் கல்லு விஷயமா"ன்னு. வண்டியத் திருப்பி, பாதி வழி வந்துட்டோம். பத்து கிலோமீட்டராவது இருக்கும். அப்புறம் முன்னால இருந்து கொரலு வருது.

"ரெண்டு சுழி னி."

"என்னவே?"

"கனிக்கு. ரெண்டு சுழி. ஆஸ்பத்திரிச் சீட்டுல மூணு சுழி போட்டானுவ. செத்த சர்ட்டிபிகேட்லயும் மூணு சுழிதான். கல்லுலயாவது ஒழுங்கா இருக்கணும். பாத்துக்கிடும்."

பாத்துக்கிடும்னு என்கிட்ட சொன்னாரு தம்பி.

நாலாங்கிளாஸ் வரைக்கும் நானும் சிலேட்டுல பாத்து எழுதினவன்தான். காய்ச்சல் வந்து கண்ணு போனது அதுக்கப்புறம். ரெண்டு சுழி எது, மூணு சுழி எதுன்னு என் விரலுக்குத் தெரியும். பெயிண்ட்ல எழுதினா எனக்கு ஒண்ணும் பிடிபடாது, அதனால கல்லுல வெட்டச் சொல்லப் போறேன், ஆழமா. துட்டு எவ்வளவுன்னு கேட்டா நான் தாரேன். எம் பேரை எடுக்க மாட்டோம்னாங்கன்னா, கூட்டம் கலையாது, நான் எந்திரிக்க மாட்டேன். வெட்டினப்புறம் ஒவ்வொரு எழுத்தையும் தடவிப் பாப்பேன். ஒரு சுழி கூடியிருந்தாலும் வேற கல்லு வெட்டணும். வெட்டுத வரைக்கும் அங்கனயே நிப்பேன்.